கறையும் மறைப்பும்

வீட்டு விரிப்பில் கறை விழுந்தால் முதலில் துடைக்கிறோம், பின்னர் கழுவுகிறோம், அப்போதும் போகவில்லையெனில் அதன்மேல் ஒரு மேசையை நகர்த்தி வைக்கிறோம். இதில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். ஆனால் மறைத்தல் என்னும் ஒரே செயல் ஓரிடத்தில் பண்பாகவும் மற்றோரிடத்தில் வஞ்சகமாகவும் ஆவதை இச்சிறு பொருளிலேயே தெளிவாகக் காணலாம்.

கறையின் இயல்பை முதலில் அறிவோம். தேநீரோ குழம்போ சிந்தினால், விரிப்பில் இல்லாத நிறம் ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. ஈரம் உலருமுன் ஒற்றியெடுத்தால் பெரும்பகுதி நீங்கிவிடும். மஞ்சள் கறை சோப்புக்கு எளிதில் இணங்காது. வெயிலில் போட்டால் நாளடைவில் மங்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர் பட்ட இடமோ வேறு வகை. அங்கே புதிதாக ஒன்றும் படியவில்லை. இருந்த சாயம் அழிந்துவிட்டது. எத்தனை முறை கழுவினும் அது திரும்பாது. கம்பளியாயின் இழையும் நைந்து போகும். அவ்விடத்துக்கு மீண்டும் சாயமேற்றலாம். அல்லது அலமாரிக்கு அடியில் கண்ணில் படாது கிடக்கும் பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டுப்போடலாம்.

இவ்வாறு சீர்செய்வது பொய்யாகுமா? ஆகாது. கிழிந்த துணியை இழையோடு இழை சேர்த்துத் தைப்பதை ரஃபு என்கிறோம். உத்தரப் பிரதேசத்து நஜீபாபாத் இத்தொழிலாளர்களால் பெயர் பெற்ற ஊர். அரபு மொழியில் ‘ரஃபஅ’ என்பது ஆடையைச் செப்பனிடுவதைக் குறிக்கும். அதனோடு பிறந்த ‘ரிஃபாஉ’ என்னும் சொல்லுக்கு இணக்கம் என்பது பொருள். முற்காலத்து அரபியர் மணமக்களை வாழ்த்துகையில் இச்சொல்லை வழங்கினர். பிரிந்ததைச் சேர்ப்பது அம்மொழியில் நற்பொருளே தந்து நிற்கிறது.

விருந்தினர் கண்ணில் படாதபடி கறைமேல் மேசையை வைப்பதும் குற்றமன்று. அந்த விரிப்பில் விருந்தினருக்கு உரிமை எதுவும் இல்லை; அதனால் அவருக்கு இழப்பும் இல்லை. பிறர் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறைப்பான் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அதே நபிகளார் (ஸல்) கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் கண்டித்தார்கள். இரண்டும் முரணல்ல. தானியம் இன்னொருவர் கைக்குப் போக இருந்தது; அதன் நிலையை அறிய வாங்குபவருக்கு உரிமை உண்டு. எங்கே பிறர் உரிமை வந்து சேர்கிறதோ அங்கே மறைப்பு வஞ்சகமாகிறது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) துணி வணிகர். குறையுள்ள துணி ஒன்றை, அக்குறையைச் சொல்லியே விற்க வேண்டுமென்று தம் கூட்டாளியிடம் கொடுத்திருந்தார். கூட்டாளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அவ்விற்பனைத் தொகை முழுவதையும் தருமம் செய்துவிட்டதாக வரலாற்றாசிரியர் எழுதுவர்.

இனி நம் காலத்துக்கும் நம் ஊர்ப்பக்கத்துக்கும் வருவோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. இவையும் இவை போன்ற பிற ஆலைகளும் வந்தபின் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் வாடகை வீடுகளின் ஊராயிற்று. தென் மாவட்டத்து இளைஞரும் வடமாநிலத் தொழிலாளரும் கொரிய நாட்டுப் பொறியாளரும் வருகின்றனர், சில காலம் தங்குகின்றனர், போகின்றனர். விரிப்பும் கட்டிலும் போட்டு வாடகைக்கு விடும் வீடுகளும் உண்டு. சாவியைத் திருப்பித் தரும் நாளில்தான் நம் கேள்வி எழுகிறது. வெளுத்துப்போன இடத்தின்மேல் கட்டிலை இழுத்துவிட்டு முன்பணத்தை வாங்கிச் செல்லலாமா?

கூடாது என்பதே விடை. விரிப்பு வீட்டுக்காரருடையது, அதன் நிலையை அறிவது அவர் உரிமை. ஆயினும் இத்துடன் நிறுத்திவிட்டால் நாம் பாதி நியாயத்தையே சொன்னவராவோம். குடியிருந்தவர் ஏன் மறைக்கிறார்? உண்மையைச் சொன்னால், உள்ளங்கையளவு கறைக்கு முழு விரிப்பின் விலையையும் பிடித்துக்கொள்வார்களோ என்ற அச்சமே பெரும்பாலும் காரணம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய முன்பணம் அது; அடுத்த வீட்டுக்கும் அதையே கொடுத்தாக வேண்டும்.

இங்கே மார்க்கச் சட்ட நூல்கள் தரும் ஓர் அளவுகோல் பயன்படும். குறையுள்ள பொருளுக்கு ஈடு கணக்கிடும் முறையை ‘அர்ஷ்’ என்பர். குறையற்ற நிலையில் அப்பொருள் என்ன பெறும், குறையோடு என்ன பெறும் என்று பார்த்து, அந்த வேறுபாட்டின் விகிதத்தில் ஈட்டை வரையறுப்பர். வாங்கி ஆறாண்டு ஆகி, கால்பட்டுத் தேய்ந்த விரிப்புக்குப் புதிய விரிப்பின் விலை கேட்பது இம்முறைக்கு ஒவ்வாது. தமிழகத்தில் 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும், வீட்டை நன்னிலையில் வைத்திருக்கும் கடமையிலிருந்து இயல்பான தேய்மானத்தை விலக்குகிறது. வேறுவிதமாக உடன்படிக்கை இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் அது கூறுகிறது.

வீட்டுக்காரருக்கும் மறைப்பு உண்டு. மழைக்கு ஒழுகும் சுவரில் வெள்ளையடித்து வாடகைக்கு விடுபவர், தரையிலுள்ள கறைக்குக் கணக்குக் கேட்பது எவ்வாறு பொருந்தும்? பிறர் உடைமையையும் தம்முடையதாகவே எண்ணிக் காப்பது வணிகர் கடன் என நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் நெறி காட்டினார். அந்நெறி கொடுப்பவரையும் கொள்பவரையும் ஒருங்கே கட்டுப்படுத்துவது.

ஆகவே கறையைக் காட்டிச் சாவியைக் கொடுப்பது ஒருவர் கடமை. காட்டப்பட்ட கறைக்கு அதன் அளவே ஈடு கொள்வது மற்றவர் கடமை. முன்னவர் தவறினால் அவர் வஞ்சகர். பின்னவர் தவறினாலோ, அடுத்து வரும் பத்துப் பேருக்கு மறைக்கக் கற்றுக் கொடுத்தவர் ஆகிறார். உண்மை சொன்னவரைத் தண்டிக்கும் வீட்டில் உண்மை தங்குவதில்லை. வீடு மாறும் அன்பர்களும் வீடு விடும் அன்பர்களும் சாவியைக் கைமாற்றுமுன் கட்டிலை நகர்த்தி, தரையைச் சேர்ந்து நின்று பார்ப்பார்களாக.