ஒன்றரை வேகம்

செங்கல்பட்டில் காலை மின்சார ரயில் கிளம்பி, கொளவாய் ஏரி ஜன்னலில் தெரிவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் காதில் எதையாவது மாட்டிக்கொண்டுவிடுகிறார்கள். சென்னைக் கடற்கரை நிலையம் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அவ்வளவு நேரம் சும்மா உட்கார யாருக்கு மனம் வருகிறது? "கேக்கிற மாதிரி நல்லதா எதுனா சொல்லுங்களேன்" என்று என்னிடமும் கேட்பார்கள். பட்டியல் கைவசம் இருக்கும், ஒப்பித்துவிடுவேன்.

அண்ணன் மகனுக்கு அப்படித்தான் பம்பாய் கண்ணனின் 'சிவகாமியின் சபதம்' ஒலிநூலைச் சொன்னேன். மாமல்லபுரக் கடற்கரை மணலில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது கல்கியின் மனத்தில் முளைத்த கதை. நம் ஊர்ப் பக்கத்துக் கதையாயிற்றே, பையன் சொக்கிப்போவான் என்று நினைத்தேன். சில வாரத்தில் வந்து நின்றான். "நாலு பாகமும் முடிச்சிட்டேன் அத்தை. ஒன்றரை ஸ்பீடுல வெச்சா சீக்கிரம் ஓடிடுது. அடுத்து என்ன?"

முடித்துவிட்டானாம். எதையும் முடித்தால்தான் ஆயிற்றா? மாமல்லபுரத்தில் வலையன்குட்டை ரதத்தைப் பல்லவர்கள் பாதியில் விட்டுப் போனார்கள். அதைப் போய்ப் பார்க்காமலா இருக்கிறோம்? நானும் ஒன்றரை வேகத்தில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆனால் ஒருவர் பேசி நிறுத்தியதற்கும் அடுத்தவர் வாய் திறப்பதற்கும் நடுவே இருந்த தயக்கம் காணாமல் போயிருந்தது. கதையின் வில்லன் நாகநந்தியைக் கண்டு பயமே வரவில்லை. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவரைப்போல இருந்தார், பாவம்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுப்பாடம் மாதிரி பட்டியலை நீட்டியது நான்தான். அதற்குப் பிறகு யாராவது கேட்டால், கேட்கும்போது கை என்ன செய்துகொண்டிருக்கும் என்று திருப்பிக் கேட்கிறேன். கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவருக்குக் கைதான் வேலையில் இருக்கிறது, காது சும்மா இருக்கிறது. நீண்ட கதை அவருக்குத் தாங்கும். பாம்பன் மீனவர்களுக்கு 2016இல் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலி இருக்கிறது. சமுதாய வானொலியின் அலை சில ஊர்களைத் தாண்டாது; நம் செங்கல்பட்டுப் பக்கத்துக் கரைக்கு அது எட்டாது.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் பாலித்தீன் உறை போட்ட ரேடியோ ஒன்றைப் பார்த்தேன். கல் அறுக்கும் மெஷின் சத்தத்தில் என்ன கேட்கும் என்றேன். "ஒண்ணும் கேக்காதுங்க. மெஷினை நிறுத்தினா பாட்டு நடுவுல ஓடிட்டிருக்கும். அது போதும்" என்றார் அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெரியவர். அவருக்கு எந்தத் தொடரைச் சொல்வது? ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இரண்டு நண்பர்கள் மைக் முன் உட்கார்ந்து, தங்கள் நகைச்சுவைக்குத் தாங்களே இரண்டு மணி நேரம் சிரிக்கும் பாட்காஸ்டுகள் எனக்கு ஒத்துவரவில்லை. நிறுத்தத் தெரியாத பேச்சு அது. சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதன் சில நிமிடம்தான் பேசுவார். குரலில் சிரிப்பே இருக்காது. கடைசி வரியில் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவார். அடுப்படியில் மிச்ச வேலை முடியும்வரை அந்தக் கதை கூடவே இருக்கும். 2009இல் அவர் காலமானார்.

அண்ணன் மகனின் 'அடுத்து என்ன'வுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்: தென்கச்சியின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் கேளுங்கள்.