தூய்மையும் தூரமும்

குளத்தூர், பாறசாலைப் பக்கத்துக் குடும்பங்களில் வளர்ந்த நமக்குத் 'தூய்மை' என்னும் சொல்லுக்கு முன்பே 'தீட்டு' என்னும் சொல் பழகிவிட்டது. பழைய திருவிதாங்கூரில் தூய்மை என்பது அடிக்கணக்கில் அளந்து வைத்த தூரமே. இன்னார் இத்தனை அடி விலகி நின்றால் அது கெடாது! கிறிஸ்தவ வாழ்வில் நாம் நாடும் பரிசுத்தமும் இத்தகையதுதானா?

நம் எல்லைக்கு அப்பால், நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் நீலகண்டப் பிள்ளை. மார்த்தாண்டவர்மரின் அரசில் அலுவல் பார்த்த அவர், டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டோருடன் வேற்றுமையின்றிப் பழகினார். குலத்தார் கண்ணுக்கு அது தீட்டு. அவருக்கோ அதுவே தூய்மையின் வழி. 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

ஆயின், அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் எழுந்த ஆலயத்தினுள் சாதியைப் பிரிக்கும் சுவரொன்று நின்றது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. சுவரின் இருபுறமும் நோன்புக்கும் செபத்திற்கும் குறைவிருந்திராது என்றே எண்ணுகிறோம். அவர்களைப் பழிக்க நமக்கு வாயுண்டா? ஊர்விட்டு இத்தனை தொலைவு வந்த பின்னும், ஞாயிறன்று நற்கருணை வாங்கிய கையாலேயே, திங்களன்று வரன் தேடும் கடிதத்தில் சாதியை எழுதுகிறோம்.

2022 மே 15இல் வத்திக்கானில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, பெயரில் 'பிள்ளை' இல்லை. அதற்கும் சிலர் முறையிட வேண்டியிருந்தது.