கீழ்ப்படிகிற பிள்ளைக்குப் பட்ட கடன்

ஈன்று வளர்த்த தாய்தந்தையர், 13, 14 வயதுப் பிள்ளையை, அவனுடைய தட்டும் தம்ளரும் போர்வையும் அடங்கிய பையோடு, முன்பின் அறிமுகமில்லாத மனிதர்களிடம் 10 நாளைக்கு விட்டு, சம்மதப் பத்திரத்தில் கையெழுத்தும் இட்டுத் தந்துவிட்டுத் திரும்புகிறார்களே, அவர்கள் ஒப்படைத்தது எதை, நாம் ஏற்றுக்கொண்டது எதை என்ற கேள்வி, தேசிய மாணவர் படையின் முகாம்களில் உபாத்தியாயனாகவும் படையின் அதிகாரியாகவும் இரு கடமைகளை ஒருங்கே சுமந்த காலமெல்லாம் என்னை விட்டு அகன்றதில்லை. வீட்டில் அந்தப் பிள்ளையின் முகம் சற்று வாடினால் கேட்பதற்குத் தாய் இருக்கிறாள். முகாமிலோ, ஐந்நூறு அறுநூறு பிள்ளைகளுக்கு நடுவே, விரல்விட்டு எண்ணத்தக்க பெரியவர்களே இருக்கிறார்கள். இந்தக் குறையை வாத்ஸல்யம் ஒன்றினால் மட்டும் ஈடுசெய்துவிட முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தப் படையின் பிறப்பு வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1946-இல் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு, பள்ளி கல்லூரி மாணவர்களுக்குத் தேசமெங்கும் பரவிய ஒரு படை வேண்டுமென்று சிபாரிசு செய்ய, 1948-இல் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டே பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டாயிற்று. அதில் சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள், வீட்டில் எவரும் பேசாத ஹிந்தியில் 'சாவ்தான்' என்றதும் விறைத்து நிற்கவும், 'விஷ்ராம்' என்றதும் தளர்ந்து நிற்கவும் பழகி வருகிறார்கள்.

அந்த விறைப்பில் ஒரு மகிமை உண்டென்பதை நான் மனமார நம்புகிறேன். ஆனால் அதே விறைப்பில்தான் முகாம் நடத்துகிறவனுடைய பெரும் பொறுப்பும் ஒளிந்திருக்கிறது. வெயிலில் முழங்கால்களை இறுக்கிக்கொண்டு அசையாமல் நெடுநேரம் நிற்கிற தேகத்தில், இரத்தம் கால்களிலேயே தங்கி, மூளைக்குப் போதிய அளவு ஏறாமல், பையன் மயங்கிச் சாய்கிறான். பயிற்சி தரும் ஹவில்தார்கள் இதை நன்கறிந்து, பரேடுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க வைப்பதும், பூட்ஸுக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே நில்லுங்கள் என்று சொல்லித் தருவதும் வழக்கம். ஆயினும், கண் இருட்டிக்கொண்டு வருகிறபோது கை உயர்த்திச் சொல்லிவிட்டு நிழலுக்குப் போகலாமே, ஏன் அந்தப் பையன் போவதில்லை? தாங்கிக்கொள்வதே கௌரவம் என்று அவனுக்குக் கற்பித்தவர்கள் நாம். முறையிடாமல் இருக்க ஒரு பிள்ளையைப் பழக்கியவர்கள், அவன் முறையிட வேண்டியவற்றையெல்லாம் தாமே தேடிச் சென்று அறிந்துகொள்ளும் கடனையும் அன்றே ஏற்றுக்கொண்டவர்களாகிறார்கள். கீழ்ப்படியாத பிள்ளை தன் சௌகரியத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வான். நல்ல பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறான்.

பாதங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முகாமுக்குச் சில நாள் முன்பு கிடைத்த புது பூட்ஸ், அதுவும் பெரும்பாலும் அளவு சற்றுக் கூடியோ குறைந்தோ வாய்த்த பூட்ஸ், இரண்டாம் நாளே குதிகாலைக் கொப்புளமாக்கிவிடும். என்னோடு முகாமில் பணிபுரிந்த ஹவில்தார் ஒருவர், இரவுச் சாப்பாடு முடிந்ததும் டார்ச் விளக்கோடு வரிசை வரிசையாகச் சென்று, பையன்களைக் காலுறை கழற்றச் சொல்லி, ஒவ்வொருவன் பாதத்தையும் தூக்கிப் பார்ப்பார். 'வலிக்குதா தம்பி?' என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் 'இல்லீங்க சார்' என்ற ஒரே பதில்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். நெடுநடைக்குப் பிறகு சிப்பாய்களின் பாதங்களைப் பார்வையிடுவது படைகளில் தொன்றுதொட்டு வரும் முறை. அதை அவர் பிள்ளைகளிடமும் விடாமல் கடைப்பிடித்தார். கொப்புளம் கண்டவன் மறுநாள் செருப்போடு வகுப்பில் உட்கார்ந்து வரைபடம் படிப்பான், அதில் அவமானம் ஒன்றுமில்லை. கேட்காமல் பார்ப்பது என்ற இந்தச் சிறு விவேகம் எனக்கு எந்தப் பயிற்சிப் புத்தகத்தையும்விட அதிகம் உபகரித்தது.

ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்வதும் இதே விவேகத்தின் பெருவடிவம்தான். சமையற்கூடம் பிள்ளைகள் படுக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, மேலே கூரை எத்தகையது, வெளியேற எத்தனை வழி என்பதைத் தமிழ்நாட்டில் எந்த உபாத்தியாயனும் அலட்சியமாகக் கேட்க முடியாது; 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு சமைத்த அடுப்பிலிருந்து எழுந்த நெருப்பு கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை நாம் மறந்துவிடவில்லை. இடம் தேர்கிற விஷயமும் அப்படியே. 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்குமில், கடலை அணையிட்டு மீட்ட, மரநிழலற்ற தரையில் 40,000-க்கும் மேற்பட்டோர் கூடிய உலகச் சாரணர் ஜாம்போரி, வெயிலில் துவண்டவர்கள் பெருகி, பிரிட்டிஷ், அமெரிக்கச் சாரணர்கள் இடையிலேயே வெளியேறி, பின்பு புயல் பயத்தால் முழுவதுமே காலி செய்யப்பட்டது. அங்கே தொண்டர்களிடம் அன்புக்குப் பஞ்சம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நிழலை யாரும் ஒரே நாளில் வளர்த்துவிட முடியாது.

பிள்ளை கேட்குமுன் நாமே செய்துவைப்பது என்ற இந்த விதி, பெண் பிள்ளைகளின் முகாமில் இன்னும் நுட்பமாகிறது. நாப்கின் தேவைப்பட்டால் மேடத்திடம் வந்து கேளுங்கள் என்று அறிவித்துவிட்டுக் கடமை தீர்ந்ததாக எண்ணுவது தகாது. புதிய இடத்தில், புதிய முகங்களுக்கு நடுவே, கூச்ச சுபாவமுள்ள எட்டாம் வகுப்புச் சிறுமி வந்து கேட்கமாட்டாள். யாரையும் கேளாமல் எடுத்துக்கொள்ளும்படி குளியலறையிலேயே வைத்துவிடுவதே முறை. இரவில் கழிப்பிடத்துக்குப் போகிற வழியில் விளக்கு எரிவதும் அத்தகையதே. வழி இருட்டாக இருந்தால் பிள்ளைகள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வார்கள். காலையில் பரேடில் மயங்கி விழுகிற பிள்ளைக்கு வெயில்தான் காரணம் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இவ்வளவு தாங்கினால் பிள்ளைகள் எப்படி உறுதி பெறுவார்கள், முகாம் என்றால் கஷ்டம் இருக்கத்தானே வேண்டும் என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு; அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. விடியுமுன் எழுவதும், ஓடுவதும், தன் தட்டைத் தானே கழுவுவதும், இரவில் இருவர் இருவராக முறைவைத்துக் காவல் நிற்பதும் பிள்ளையை வளர்க்கிற சிரமங்கள். பிளீச்சிங் பவுடர் போடாத தொட்டித் தண்ணீரும், கம்பெனி என்று பெயரிட்டுப் பிரித்த அணிகளில் கடைசி அணி வருவதற்குள் தீர்ந்துபோகிற குழம்பும் எவனையும் வளர்ப்பதில்லை. அவை, பிள்ளையின் பயிற்சி என்ற பெயரில் உலவுகிற நம்முடைய சோம்பல். சாப்பாட்டு வரிசையில் முதலில் நிற்கும் கம்பெனியை வேளைக்கு வேளை மாற்றிவிட்டு, அதிகாரிகள் எல்லோருக்கும் பின்னால் உண்டால், குழம்பு எதுவரை வருகிறதென்பது தானே தெரிந்துவிடும்.

முகாம் கலைகிற தினத்தைப் பலர் பரிசளிப்போடு முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். அன்றைக்குத்தான் ஜாக்கிரதை அதிகம் வேண்டும். பிள்ளைகள் களைத்திருக்கிறார்கள், வீட்டு நினைவில் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறது, அதிகாரிகளும் பெருமூச்சு விடத் தொடங்கியிருக்கிறார்கள். கோப்பை வென்ற கம்பெனி என்பதற்காக எவரையும் முதலில் வண்டி ஏற்றுவது சரியன்று. மாலையோடு பேருந்து நின்றுவிடுகிற மலை ஊர்ப் பள்ளிகள் முதலில், பிறகு தூரத்து ஊர்கள், நகரத்துப் பள்ளிகள் கடைசியில் என்று முந்தின இரவே பட்டியல் எழுதி, ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியரும் தம் பிள்ளைகளைப் பெயர் சொல்லி எண்ணி ஏற்றிக்கொண்டு, கடைசிப் பையனும் வீட்டாரிடம் சேர்ந்ததைத் தொலைபேசியில் தெரிவிக்கும்வரை முகாம் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.