ஒழுகுதல்

1

தமிழில் குழாயும் ஒழுகுகிறது, மனிதனும் ஒழுகுகிறான். கூரை ஒழுகினால் அது பழுது. மனிதன் நெறிப்படி ஒழுகினால் அது ஒழுக்கம். ஒரே வினைச்சொல் பழுதுக்கும் நெறிக்கும் பொதுவாக நிற்கிறது. இத்தனை வருஷங்களாக இந்தச் சொல்லை இரண்டு அர்த்தத்திலும் பயன்படுத்தி வந்திருக்கிறேன். இதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று தோன்றியது என் வீட்டு வாசல் குழாய் கெட்டபோதுதான்.

குழாய் கேட்டுக்கு வெளியே, மதிலை ஒட்டி இருக்கிறது. வாசல் தெளிக்கவும் கால் கழுவவும் போட்டது. மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர். எப்போது ஒழுகத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தபோது அதன் கீழே சிமெண்டுத் தரையில் பாசி பிடித்திருந்தது. பாசி பிடிக்கிற அளவுக்கு அது ஒழுகியிருக்கிறது. நான் அந்தப் பக்கமாக நடந்தும் போயிருக்கிறேன்.

கண்டவுடன் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். இன்னும் இறுக்கித் திருகினேன். நின்றது. மறுநாள் மீண்டும் ஒழுகியது. முந்தைய நாளைவிடப் பலமாக இறுக்கினேன். இப்படி மூன்று மாதம் போயிற்று. திருகுக் குழாயின் உள்ளமைப்பு மிக எளியது. 1845-இல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரத்துப் பித்தளை வார்ப்படக்காரர்கள் காப்புரிமை பெற்ற வடிவம். நாம் வீட்டு வாசலில் திருகுவது பெரும்பாலும் இன்றும் அதுதான். கைப்பிடியைத் திருகினால் ஒரு தண்டு கீழே இறங்கி, அதன் நுனியிலுள்ள ரப்பர் வாசரைப் பித்தளை வாயின் மேல் அழுத்துகிறது. வாசர் தேய்ந்தாலோ, இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு படிந்து வாய் கரடானாலோ, இடைவெளியில் தண்ணீர் கசிகிறது. அப்போது இறுக்குவதால் ஓட்டை அடைபடுவதில்லை. வாசர் மேலும் கிழிகிறது. பித்தளையில் தடம் விழுகிறது. தண்டின் மரை தேய்கிறது. இரண்டு ரூபாய் ரப்பரின் குற்றத்தை மறைக்க முழுக் குழாயையும் பலி கொடுக்கிறோம்.

நம்முடைய தார்மீகப் பழக்கங்களில் பெரும்பகுதி இந்த இறுக்குதல்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. திறந்து பார்க்க மனமில்லாதபோது பலத்தைப் பிரயோகிக்கிறோம். அதற்குக் கண்டிப்பு என்று பெயரும் வைக்கிறோம்.

2

சானமாவு, ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் காப்புக்காடு. குளிர்மாதங்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளிக் காடுகள் வழியே வரும் யானைக் கூட்டங்கள் இந்தக் காட்டில் தங்கி, ராகி முற்றுகிற சமயத்தில் வயல்களில் இறங்குகின்றன. இன்னொரு பக்கம், 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும் ஓசூர். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் என்பது பேச்சில் அடிக்கடி வரும் சொல்.

காரணம் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அளவுக்கு மேல் இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தாண்டிய ஊர்களில் பற்கள் பழுப்பேறின, எலும்புகள் வளைந்தன. இதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்திலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது; 2013-இல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரியின் பள்ளத்திலிருந்து அள்ளிய நீரை மின்சாரத்தால் மேலேற்றி, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர்ப் பீடபூமிக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு மாநிலங்கள் சண்டையிட்டு, கடன் வாங்கி, மலையேற்றிக் கொண்டுவந்த நீருக்கு இந்தப் பக்கத்துக் குழாய்கள் கடைசி வாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டர் படியைக் குழாயின் கீழ் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நிரம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. நாளொன்றுக்கு 24 லிட்டர், வருஷத்துக்கு 8,760. கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் அளவுகோல். என் அலட்சியம் ஒரு மனிதனின் பங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்தது.

உடனே மனம் எதிர்க்கணக்குப் போட்டது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாகப் பொங்குவதைப் பலமுறை பார்த்தாயிற்று. ஒரு நதியே சாகிற இடத்தில் என் குழாயின் இரண்டு குடம் தண்ணீர் என்ன கணக்கு?

இந்தக் கேள்வி கூர்மையானது போலத் தோன்றுகிறது. ஆனால் 1975-இல் ஜோனதன் க்ளோவர் இதை ஒரு கதையால் உடைத்தார். நூறு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் நூறு பயறு. நூறு கொள்ளையர்கள் வந்து ஆளுக்கொரு கிண்ணத்தைப் பறித்துத் தின்கிறார்கள். அடுத்த வாரம் அவர்களுக்கு மனசாட்சி உறுத்துகிறது. அதனால் முறையை மாற்றுகிறார்கள்: ஒவ்வொரு கொள்ளையனும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரே ஒரு பயறு எடுக்கிறான். ஒரு பயறு குறைந்ததை யாராலும் உணர முடியாது. ஆகவே யாரும் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. கிண்ணங்கள் மட்டும் காலி. டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளிவந்த தம் நூலில் இதையே திருப்பிப் போட்டார்: பாலைவனத்தில் தாகத்தில் தவிக்கும் பதினாயிரம் பேருக்காகப் பதினாயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீரை ஒரு வண்டித் தொட்டியில் ஊற்றுகிறார்கள். என் பங்கால் எவன் தாகமும் தெரிகிற அளவுக்குத் தணியாது. ஆனாலும் ஊற்றாதவன் தவறு செய்தவன். கெலவரப்பள்ளியின் நுரையும் இப்படித்தான் உண்டாயிற்று: ஒவ்வொருவரும் தன் பங்கு கணக்கில் வராது என்று நம்பியதால். நதியைக் காட்டிக் குழாயை மன்னிக்கிறவன் அந்த நதியைக் கெடுத்தவர்களின் தர்க்கத்தையே பேசுகிறான்.

ராபர்ட் பிர்சிக்கின் மோட்டார் சைக்கிள் நாவலிலும் (1974) ஒரு ஒழுகும் குழாய் வருகிறது. நண்பன் வாசரை மாற்றிப் பார்க்கிறான், சரியாகவில்லை, விட்டுவிடுகிறான். அந்தச் சொட்டு தன் மனைவியின் பேச்சில் எரிச்சலாகக் கசிவதை அவன் அறிவதில்லை. பிர்சிக்குக்கு அது இயந்திரத்தோடு மனிதன் கொண்ட பகையின் அடையாளம். அவருடைய குழாய் சமையலறைக்குள் இருந்தது. அதன் சொட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. என்னுடையது தெருவில் இருந்தது. வித்தியாசம் அங்கே தொடங்குகிறது.

3

வாசர் வாங்கி வந்து வைத்த அன்று இரவு பதினோரு மணிக்கு வெளியே போனேன். குழாயின் கீழே ஒரு சின்ன அலுமினியக் குண்டான் இருந்தது. பாதி நிரம்பியிருந்தது. விடியற்காலையில் பார்த்தபோது இல்லை. அடுத்த இரவும் இருந்தது. எதிரே உள்ள லைன் வீடுகளில் கடைசி அறையில் இருக்கும் ஓர் அம்மாளுடையது என்பது தெரிந்தது. ஓசூர்ப் பக்கத்து ரோஜாப் பண்ணை ஒன்றில் கூலி வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார்.

வாசர் பத்து நாள் அலமாரியில் கிடந்தது. அந்தப் பத்து நாளும் நான் ஒரு சித்தாந்தத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அது இது:

கொடை வேறு, கசிவு வேறு. கொடையில் கொடுப்பவன் முகம் இருக்கிறது. வாங்குகிறவன் கை தாழ்கிறது. கசிவுக்கு முகமில்லை. யாரும் கொடுக்கவில்லை, ஆகவே யாரும் வாங்கவுமில்லை. ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் பேரறிவாளன் செல்வத்துக்கு ஊருணி நிறைந்ததை உவமையாகச் சொல்வதில் இந்த நுட்பம் இருக்கிறது. ஊருணியிடம் யாரும் கேட்பதில்லை. காட்டு யானை கேட்டுக் குடிப்பதில்லை. குழாய்க்குக் கைப்பிடியும் சொந்தக்காரனும் உண்டு. அது ஒழுகும்போதுதான் கொஞ்சமாவது ஊருணியாகிறது. நான் ஒழுக்கை அடைத்தால், பிறகு அந்த அம்மாள் என் கேட்டைத் தட்டிக் கேட்க வேண்டும். நான் 'தாராளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்பேன். அந்தத் தாராளம் அவருக்கு எவ்வளவு செலவாகும்? கசிவு என்ற சொல்லையே நம் பக்தி மரபு உள்ளம் இளகுவதற்கும் வைத்திருக்கிறதே!

சித்தாந்தம் அழகாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. மேலே நிரப்பினால் கீழே தானாகச் சொட்டும் என்ற பொருளாதார வாதத்தை இந்தத் தொழில் வட்டாரத்தில் வாழும் எவனும் கேட்காமலிருக்க முடியாது. லைன் வீடுகள் அந்த வாதத்தின் கட்டடக்கலை. சொட்டுவதை நம்பி வாழ்வதில் கண்ணியம் இருக்கிறது என்று சொல்ல, தொட்டியை வைத்திருப்பவனுக்கு என்ன யோக்யதை? என் சோம்பலை நான் அவருடைய மானத்தால் நியாயப்படுத்திக்கொண்டிருக்கவில்லையா? ஒழுகும் குழாயைச் சரிசெய்யாத ஆயிரம் காரணங்களில் இதுதான் மிக நாகரிகமானது. ஆகவே மிக மோசமானது.

பதினோராம் நாள் சரிசெய்தேன். மாடியில் கேட் வால்வை அடைத்தேன். குழாயைத் திறந்து மீதி நீரை வடியவிட்டேன். ஸ்பானரால் மேல் நட்டைத் தளர்த்தித் தண்டை உருவினேன். வாசரின் நடுவே, என் மூன்று மாத இறுக்கம் அப்படியே ஒரு வட்டப் பள்ளமாகப் பதிந்திருந்தது. உப்பைச் சுரண்டி, புது வாசரை வைத்து மூட்டினேன். கால் மணி நேர வேலை. இரண்டு விரலால் மெதுவாகத் திருகினாலே தண்ணீர் நின்றது.

அன்றிரவு அந்த அம்மாள் குண்டானோடு வந்து குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெளியே போய், தயாராக வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கினேன்: எப்போது வேண்டுமானாலும் திறந்து பிடித்துக்கொள்ளலாம், கேட்கவே வேண்டாம். அவர் முடிக்க விடவில்லை. தெலுங்குச் சாயல் படிந்த தமிழில் சொன்னார்:

"எனக்குத் தண்ணி இருக்குது சார். தெருக்குழாயில பிடிச்சு வெச்சுக்கறேன். இது ராத்திரியெல்லாம் சொட்டற சத்தம் கேக்கும், தூக்கம் வராது. வீணாப் போறதை எப்படிப் பாத்துட்டு இருக்கறது? அதான் குண்டான் வெப்பேன். ஒரு மணிக்கு எழுந்து செடிக்கு ஊத்திட்டு மறுபடி வெப்பேன். ரிப்பேர் பண்ணிட்டீங்க, நல்லது. இன்னைக்குத் தூங்குவேன்."

4

பத்து நாள் சித்தாந்தத்தில் நான் கொடுப்பவன், அவர் வாங்குகிறவர் என்ற ஒன்றை மட்டும் பரிசீலிக்கவே இல்லை. கொடையா கசிவா என்று நுணுக்கமாகப் பிரித்தபோதும், தண்ணீர் என் பக்கத்திலிருந்து அவர் பக்கம் போகிறது என்பதை இயற்கை விதிபோல ஏற்றுக்கொண்டிருந்தேன். நடந்தது நேர்மாறு. என் வீட்டுப் பழுதை இரவுக்காவல் காத்தவர் அவர். நாள் முழுவதும் குனிந்து பூப்பறித்த உடம்பு, எனக்காகக்கூட அல்ல, தண்ணீருக்காக நடு இரவில் எழுந்திருந்தது. உதவி பெற்றது நான். அது தெரியாததால்தான் அது உதவியாகவே இருக்க முடிந்தது.

க்ளோவரும் பார்ஃபிட்டும் சொன்னது தவறில்லை. சிறியது என்பதால் கணக்கில் வராது என்ற பொய்யை அவர்கள் உடைத்தார்கள். ஆனால் அந்த அம்மாள் கணக்கே போடவில்லை. 8,760 லிட்டர் என்பது நான் படியும் கடிகாரமும் வைத்துக் கண்டுபிடித்தது. அவருக்குச் சத்தம் கேட்டது. எனக்கு வீட்டுக்குள் அது கேட்காமல்போனதற்கு மதில் மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று திட்டங்களின் வருஷங்களோடு சொல்லத் தெரிந்தவன் நான். அது போவது தெரிந்தவர் அவர்.

ஒழுகுதல் என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். நெறியில் ஒழுகுவது என்றால் தன்னைக் கட்டி இறுக்கி வைத்திருப்பது என்றே நினைத்திருந்தேன். பழுதான ஒழுகலுக்கு நேர் எதிர்ப்பதம் அது என்று. அப்படியானால் சொல் ஒன்றாக இருப்பது வெறும் விபத்து. இப்போது அப்படித் தோன்றவில்லை. நீர் தன் வழியில் இறங்குவதுபோல், தீர்மானம் எடுக்காமல், சாட்சி தேடாமல், ஒரு மணிக்கு எழுந்து செடிக்கு ஊற்றுகிற ஒரு ஒழுகல் இருக்கிறது. நாம் அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்து, பிறகு அதை இறுக்குகிற வேலைக்குக் கொடுத்துவிட்டோம்.

எனக்கு அந்த ஒழுகல் வராது. எனக்கு வாய்த்தது ஸ்பானர். வாசர் எவ்வளவு நாள் தாங்கும் என்பது தண்ணீரின் உப்பைப் பொறுத்தது. இப்போதெல்லாம் இரவில் படுக்கப்போகுமுன் கேட்டுக்கு வெளியே போய் ஒரு நிமிஷம் நின்று கேட்கிறேன்.