சீட்டில்லாப் பயணமும் கள்ளாமையும்

அண்டை வீட்டுக் கொல்லையில் விழுந்து கிடக்கும் தேங்காயை உரியவரைக் கேளாமல் தொடத் துணியாத இல்லறத்தார் பலர், இராஜபாளையத்தில் இரயிலேறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது சீட்டு வாங்காமற் செல்வதைக் களவென்று எண்ணுவதில்லை. இடைத் தொலைவு ஏறத்தாழ 11 கி.மீ. பரிசோதகர் வருவதற்குள் ஊர் வந்துவிடும். கேட்டால், "நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி ஓடத்தானே போகிறது? யாருக்கு என்ன நட்டம்?" என்பர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் களவுக்கு இலக்கணம் வகுக்குங்கால், பிறர்க்கு நேரும் நட்டத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஒரு பொருள் உரியவரால் கொடுக்கப்பட்டதா, இல்லையா என்பதையே கொண்டார். இரயிலில் இடம் கட்டணம் செலுத்துவோர்க்கே கொடுக்கப்படுகிறது. எனவே, காலியாகக் கிடந்த இருக்கையில் அமர்ந்தவரும் கொடாததைக் கொண்டவரே ஆவர். எனினும், செயலோடு உள்ளத்தின் பரிணாமமும் சேர்ந்தே குற்றமாகும் என்பதும் அந்நூலின் கருத்தாகும்.

அரைச்சீட்டு வழக்கம் எம்மை மிகவும் வருத்துவது. 5 வயது நிரம்பாத குழந்தைக்கு இரயிலில் கட்டணமில்லை. ஆறு வயதுச் சிறுவனை மடியில் இருத்தி, "கேட்டால் நாலு என்று சொல்லு" எனத் தாய் பழக்குகிறாள். சிறுவன் முந்திய நாள்தான் பள்ளியில் தன் வயதை எழுதக் கற்றிருப்பான்!

வியப்பு யாதெனின், உள்ளத்தையும் செயலையும் பிரித்துப் பார்க்கும் இவ்வேறுபாடு 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்திலும் உண்டு. அதன் 137ஆம் பிரிவு, ஏமாற்றும் எண்ணத்தோடு பயணித்தவர்க்கு உரியது: 6 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். தனிக்காரணம் இல்லாதவிடத்துத் தண்டம் 500 ரூபாய்க்குக் குறையலாகாது. 138ஆம் பிரிவோ எண்ணத்தை ஆராய்வதில்லை. கட்டணத்தையும், அதற்கு நிகரான தொகை, 250 ரூபாய் ஆகியவற்றுள் எது மிகுதியோ அதையும் செலுத்தச் சொல்கிறது. செலுத்தாதவரிடம் நீதித்துறை நடுவர் வழியாக அத்தொகை பெறப்படும். அப்போதும் கட்டத் தவறினால் 10 நாள் முதல் ஒரு மாதம் வரை சிறை.

ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவி ஒருத்தி வாங்கிய சீட்டைத் தொலைத்துவிட்டாள் என்று கொள்வோம். கையில் பணமில்லை, 137ஆம் பிரிவின்கீழ் வழக்காகிறது. "ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வா, ஒரே நாளில் முடிந்துவிடும்" என்று சுற்றத்தார் கூறுவர். இவ்வறிவுரை எமக்கு உடன்பாடன்று. அவள் ஒப்புக்கொள்வது சீட்டில்லாமையை மட்டுமன்று. தன் உள்ளத்தில் இல்லாத வஞ்சனையையும் இருந்ததாக ஒப்புகிறாள். கள்ளாமையைக் காத்தவள் வாய்மையை இழக்கிறாள். பின்னாளில் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்குங்கால், தண்டனை பெற்றதுண்டா என்னும் வினா வரும். அன்றைய "ஆம்" அங்கும் தொடரும். நம் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உள்ளது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் பாராது பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதை நாடி, உண்மையைச் சொல்லி வழக்காடலாம்.

ஆனால் பூக்கூடையோடு வரும் ஏழைப் பெண்ணுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் பிழைப்பு. அவள் ஒப்புக்கொண்டு போனால் குறை கூற எமக்கு நாவெழவில்லை. பரிசோதகர் கேட்ட தொகையை அப்பெட்டியில் இருந்த நம்மவர் ஒருவர் அங்கேயே கொடுத்திருந்தால் வழக்கே வந்திராது. வேண்டுமென்றே சீட்டு வாங்காதவர் "தொலைந்துவிட்டது" என்று வழக்கறிஞரைக் கொண்டு வாதாடுவது வேறு. அது இரண்டாம் களவு.

பேருந்தின் நிலை இன்னும் நுட்பமானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், சீட்டின்றிப் பயணிப்பவர்க்கும் சீட்டு வழங்காத நடத்துநருக்கும் 500 ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. "டிக்கெட் வேண்டாம், இரண்டு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று மெல்லக் கேட்கும் பயணி, பிறரைக் களவுக்குத் தூண்டுதல் என்னும் அதிசாரத்துக்கு ஆளாகிறார். அவர் 500 ரூபாயோடு தப்பிவிடுவார். கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழக நடத்துநர் ஒருவரின் வழக்கில், சீட்டுக் குற்றத்துக்காக அவரைப் பணிநீக்கம் செய்தது தகும் என்றே உச்சநீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கிய பின்னும், கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டுப் பெறாமல் அமரும் சகோதரியர் இதனை எண்ணுதல் வேண்டும். அச்சீட்டுகளின் கணக்கே கழகத்துக்கு அரசு தரும் ஈட்டுத்தொகைக்கு அடிப்படை.

வெளியூரிற் பயிலும் பெண்கள் அறியவேண்டிய விதி ஒன்றுண்டு. சீட்டில்லாதவரை இரயிலினின்று இறக்கிவிட 139ஆம் பிரிவு இடந்தருகிறது. ஆயினும், ஆண்துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ பகற்பொழுதிலன்றி இறக்கலாகாது. அதுவும் அவர் புறப்பட்ட நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் ஆகியவற்றில் மட்டுமே. மதுரையிலிருந்து செங்கோட்டை வண்டியில் இரவில் வரும் மாணவியை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கச் சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. விருதுநகர்ச் சந்திப்பிலும் பகலில்தான்.