மழைமானியும் கடவுள் செயலும்

பேய்மழையில் ஏரி உடைந்தால் பழி யார் மேல்? மேகத்தின் மேலா, கரையைக் காக்க வேண்டியவர் மேலா? 1874-இல் லண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு ஒரு பதில் சொன்னது. திருத்தணிக்கு அப்பால் உள்ள கார்வேட்டிநகரம் ஜமீனில் கனமழையால் ஏரிகள் உடைந்தன. வெள்ளம் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையைச் சேதப்படுத்தியது. நஷ்டஈடு கேட்டுக் கம்பெனி வழக்குப் போட்டது. ஏரிகளைப் பராமரிப்பது ஜமீன்தாருக்குத் தொன்றுதொட்டு வந்த கடமை, அதில் அவர் அசட்டையாக இருந்ததாக நிரூபணம் இல்லை, ஆகவே அவர் பொறுப்பல்ல என்று தீர்ப்பானது.

முன்கூட்டி அறியவும் தடுக்கவும் முடியாத இயற்கைச் சீற்றத்தைச் சட்டம் ‘கடவுள் செயல்’ என்கிறது. அப்படியானால் மனிதனுக்கு அறிவு கூடக் கூடக் கடவுளின் பங்கு குறைந்துகொண்டே போகுமா?

திருவள்ளூர் மாவட்டத்தில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. ஒரு பக்கம் பூண்டி, புழல் ஏரிகளும் நெல் வயல்களும். மறுபக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகள். இரு தரப்புக்கும் பயன்படக்கூடியது ஆலை வளாகத்தில் நிறுவும் கம்பிவழி வானிலை நிலையம். அதன் மழைமானிக்குள் சிறு இரட்டை வாளி ஒன்று உண்டு. ஒரு பக்கம் நிரம்பியதும் அது கவிழும். ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு மின்துடிப்பாகக் கேபிள் வழியே கட்டுப்பாட்டு அறைக்குப் போய் நேரத்தோடு பதிவாகும். காற்றின் வேகமும் திசையும் கேபிள் வழியே அங்கே பதிவாகும்.

மழையை அளப்பது பக்திக்கு எதிரானதல்ல. களஞ்சியத்தின் முன் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரம் வைத்து மழையை அளக்கச் சொன்னது அர்த்தசாஸ்திரம். திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான் சிறப்பு. புழல் ஏரி வறண்ட 2019 கோடையில் மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்த அறநிலையத் துறை உத்தரவிட்டது. அப்போதும் மழைமானி நிலையங்களில் வழக்கம்போல் காலை எட்டரை மணிக்கு மழை அளவு குறிக்கப்பட்டது. வேண்டுதல் மழை வருவதற்கு. அளவு, வந்த மழையை என்ன செய்தோம் என்று கேட்பதற்கு.

மழை கடவுள் தந்ததாகவே இருக்கட்டும். பெய்வது கூடிக்கொண்டே போகிறது என்று கருவி காட்டிய பிறகும் மதகைத் திறக்காமல் இருந்தால் அது யார் செயல்? புகைக்கும் இதே கணக்குத்தான். பகலில் கடற்காற்று ஆலைப்புகையை மேற்கே ஊர்ப்பக்கம் தள்ளும். காற்று எந்தக் குடியிருப்பை நோக்கி வீசுகிறது என்பது கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரியும்போது, அந்த நேரத்தில் உலையின் புகையை வடிகட்டாமல் விடுவதை விதியின் கணக்கில் எழுத முடியாது. டெல்லி ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: அபாயகரமான தொழில் நடத்துவோர், விபத்து நேர்ந்தால் கடவுள் செயல் போன்ற விலக்குகளைச் சொல்லித் தப்ப முடியாது.

ஆக, கருவியால் சுருங்குவது கடவுளின் இடமல்ல. தெரியாது என்று சொல்லித் தப்பும் மனிதனின் இடம். ஆனால் பதிவுகள் ஆலைக் கட்டுப்பாட்டு அறையோடு நின்றுவிட்டால், தெரிந்தவர் ஒருவர், பாதிக்கப்படுபவர் இன்னொருவர் என்றாகிவிடும். கும்மிடிப்பூண்டி ஆலைகள் தங்கள் மழை, காற்றுப் பதிவுகளை அன்றன்றே சுற்றுவட்டார ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கட்டும். ஆடு மேய்ப்பவரும் நாற்று நடுபவரும் படிக்கட்டும்.