ஊழியமா, உத்தியோகமா?

நோயாளியைப் பராமரிப்பது கடவுள் அழைத்துச் செய்யச் சொன்ன ஊழியமா, கற்றுத் தேறிச் சம்பளம் வாங்கும் தொழிலா என்ற கேள்வி 19-ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் உலகத்தை நெடுங்காலம் குடைந்தது. அந்தக் கேள்வியோடு அயல்நாட்டுக்குப் போய், அங்கே வார்டில் நின்று விடை தேடிய மாணவி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். 1851 ஜூலை முதல் அக்டோபர் வரை ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்ற சிற்றூரில் அவர் பயிற்சி பெற்றார். அப்போது அவருக்கு வயது 31.

அழைப்பு அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1837 பிப்ரவரி 7 அன்று கடவுள் தம்மைத் தம் பணிக்கு அழைத்ததாக அவர் குறித்து வைத்திருக்கிறார். எந்தப் பணி என்று குரல் சொல்லவில்லை. நோயாளிகளிடம்தான் போக வேண்டும் என்று அவராகத் தெளிந்து, 1845-இல் சால்ஸ்பரி மருத்துவமனையில் வேலை கற்க அனுமதி கேட்டபோது வீட்டில் பெரும் ரகளையானது. அன்றைய இங்கிலாந்தில் ஆஸ்பத்திரித் தாதி என்றால் குடிகாரி என்றும் ஒழுக்கம் கெட்டவள் என்றும் பேச்சு. கத்தோலிக்கப் பெண் என்றால் கன்னியர் மடத்துக்குப் போயிருக்கலாம். புராட்டஸ்டண்ட் சபைகளோ மடங்களை மூடி முந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூடியதற்கு ஒரு தத்துவக் காரணமும் உண்டு. துறவி மட்டுமே அழைக்கப்பட்டவர் என்பதை மார்ட்டின் லூதர் ஏற்கவில்லை. செருப்புத் தைப்பவரும் மாடு மேய்ப்பவரும் தத்தம் வேலையிலேயே கடவுளின் அழைப்புக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்றார். ஜெர்மன் மொழியில் தொழிலைக் குறிக்கும் ‘பெரூஃப்’ என்ற சொல்லுக்கு வேர் அழைத்தல்தான். எல்லா வேலையும் அழைப்பு என்று ஆனபின் சேவைக்கென்று தனிச் சகோதரிகள் எதற்கு?

கைசர்ஸ்வெர்த் போதகர் தியோடர் ஃப்ளீட்னர் இதற்குப் புதிய ஏற்பாட்டில் விடை தேடினார். ரோமர் நிருபத்தில் கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாள் வருகிறார். தமிழ் வேதாகமம் அவரை ஊழியக்காரி என்கிறது. அந்தப் பழைய பதவியை உயிர்ப்பித்து, 1836-இல் ஃப்ளீட்னரும் மனைவி ஃபிரீடரிக்கேயும் டீக்கனஸ் (ஊழியக்காரி) இல்லத்தைத் தொடங்கினார்கள். ஆயுள்கால வார்த்தைப்பாடு கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒப்புக்கொண்டால் போதும். திருமணம் செய்துகொள்ள விரும்பினால் போகலாம். சகோதரிகளுக்குக் கொடுத்த வெள்ளைத் தொப்பி, அன்று மணமான நடுத்தர வர்க்கப் பெண்கள் அணிந்த தொப்பி. ஊர் வாயை அடைக்க அது உதவியது.

சம்பளமும் கிடையாது. உடை, உணவு, கைச்செலவுக்குச் சிறு தொகை, முதுமையில் இல்லத்திலேயே அடைக்கலம், அவ்வளவுதான். வெளி மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்ட சகோதரிகளின் உழைப்புக்கான பணம் தாய் இல்லத்துக்குப் போனது. அழைப்பு என்ற கொள்கையில் மிக நெருடலான இடம் இதுதான். கடவுளுக்குச் செய்வதற்குக் கூலி கேட்கக் கூடாது என்பது சகோதரியின் பக்தி. அந்தப் பக்தியின்மேல் ஒரு நிறுவனத்தின் வரவு செலவே நின்றது. ஃப்ளீட்னர் பணத்தாசை பிடித்தவர் அல்லர். ஆனாலும் அவர் வகுத்த முறையில் தொண்டு செய்தவரின் கைக்கும் அத்தொண்டின் விலைக்கும் தொடர்பு அறுந்துபோனது.

நைட்டிங்கேல் 1850-இல் இரண்டு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு, மறு ஆண்டு முறையாகக் கற்க வந்தார். தாயும் தமக்கையும் கார்ல்ஸ்பாத் ஊற்று நீரில் வைத்தியம் பார்த்துக்கொள்ளப் போன சமயம் அது. இவர் கைசர்ஸ்வெர்த்தில் இருப்பது வெளியே தெரியக் கூடாது என்பது வீட்டாரின் கவலை. அங்கே நாள் ஐந்து மணிக்குத் தொடங்கியது. காலை உணவு ஆறுக்குக் கால்மணி முன்பு. நோயாளிகளுக்குப் பதினொன்றுக்குச் சாப்பாடு, சகோதரிகளுக்குப் பன்னிரண்டுக்கு. பிற்பகல் டீ என்று வந்தது ரை தானியத்தைப் பொடித்துக் காய்ச்சிய பானம். ஒவ்வொரு வேளைக்கும் பத்து நிமிடம். வாரத்தில் சில மாலைகள் பெரிய கூடத்தில் வேதபாடம். வேலைக்காரர்கள் சூழ வளர்ந்த செல்வக் குடும்பத்துப் பெண், உழவர் வீட்டுப் பெண்களோடு இதையெல்லாம் சாப்பிட்டு, உறுப்பு நீக்கும் அறுவைக்கு உடன் நின்று, வாழ்வது என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிகிறது என்ற பொருளில் தாய்க்கு எழுதினார்.

ஆனாலும் அவர் டீக்கனஸாக அபிஷேகம் பெறவில்லை. அயல்நாட்டு மாணவியாகவே வந்து அப்படியே திரும்பினார். அந்த இடைவெளிதான் அவருக்குப் பார்வையைத் தந்தது என்று கொள்ளலாம். பல்லாண்டு கழித்து, முதுமையில் அவர் எழுதிய குறிப்பு இரக்கமற்றது: அங்கே செவிலியம் என்று சொல்ல ஒன்றுமில்லை, சுகாதாரம் படுமோசம், இல்லத்தின் பிரிவுகளிலேயே மோசமானது மருத்துவமனை. அதே மூச்சில், அவ்வளவு உயர்ந்த அன்பையும் தூய பக்தியையும் வேறெங்கும் கண்டதில்லை என்றும் சொல்கிறார். இரண்டும் ஒரே வார்டில் இருந்தன. பக்தி நிறைந்த கைகளும் அழுக்காக இருக்கலாம் என்பது இறையியலுக்குச் சங்கடமான உண்மை.

1860-இல் சில பிரதிகள் மட்டும் அச்சிட்ட ‘சஜெஷன்ஸ் ஃபார் தாட்’ என்ற மூன்று தொகுதி நூலில் இதற்கு அவர் பதில் காண முயன்றார். கடவுள் உலகை மாறாத விதிகளால் நடத்துகிறார். அவ்விதிகளைக் கண்டறிந்து அவற்றின்படி நடப்பதே அவரோடு சேர்ந்து உழைப்பது. லண்டன் சாக்கடையெல்லாம் தேம்ஸ் நதியில் கலக்க, கொள்ளைநோயிலிருந்து காக்கும்படி ஜெபம் செய்வது அவருக்கு வினோதமாகப் பட்டது. இந்தக் கணக்கில் துணியைக் கொதிக்க வைப்பது வழிபாடு. காய்ச்சலைக் குறித்துவைக்காமல் விடுவது அசட்டைப் பாவம். அழைப்பையும் அறிவையும் இவ்வளவு இறுக்கமாகப் பிணைத்தவர்கள் குறைவு. அறியும் விருப்பம் இல்லாத அன்பைக் கடவுள் ஏற்பாரா என்ற கேள்வியை மட்டும் அந்த நூல் முழுதாக முடிக்கவில்லை.

அதே 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பள்ளி திறந்தது. எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்ற நிபந்தனை இல்லை. மாணவிக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு. மாதந்தோறும் ஒரு தாளில் நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை ஆகியவற்றுக்கும், கட்டுப்போடுதல் போன்ற திறன்களுக்கும் மதிப்பீடு எழுதினார்கள். கைசர்ஸ்வெர்த்தில் சகோதரிகள் தங்கள் ஆன்மாவைத் தாங்களே விசாரித்துக்கொள்ள ஃப்ளீட்னர் கேள்விப் பட்டியல் கொடுத்திருந்தார். இங்கே விசாரணை மேற்பார்வையாளர் கைக்கு மாறிவிட்டது.

இருந்தும் நைட்டிங்கேல் அழைப்பைக் கைவிடவில்லை. 1887-இல் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்பவர் ஒரு சங்கம் அமைத்து, செவிலியருக்குத் தேர்வும் அரசுப் பதிவேடும் வேண்டும் என்றபோது அவர் கடுமையாக எதிர்த்தார். நல்ல செவிலியை ஆக்கும் குணத்தைத் தேர்வுத்தாளால் அளக்க முடியாது என்பது அவர் வாதம். வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் போலிகளிடமிருந்து நோயாளியைக் காக்க அது போதாது. அவர் 1910-இல் மறைந்தார். பதிவுச் சட்டம் 1919-இல் வந்தது.

தமிழில் ஊழியம் என்ற சொல் இரு பக்கமும் நிற்கிறது: சபையில் ஊழியக்காரர், தாலுகா அலுவலகத்தில் அரசு ஊழியர். ஜெர்மனியில் 2020 முதல் நடப்பிலுள்ள சட்டத்தின்படி, புதிதாகத் தேறும் செவிலியரின் பட்டத்தில் ‘சகோதரி’ என்ற சொல் இல்லை. தமிழ்நாட்டு வார்டுகளில் இன்றும் கட்டில்களிலிருந்து வரும் குரல் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறது.